பென்னியில் குத்திய பெயர் யாருடையது?

பழைய இங்கிலாந்து செம்பு பென்னி ஒன்று உங்கள் கைக்கு வருகிறது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் கன்னத்துக்குக் குறுக்கே யாரோ ஒருவரின் பெயர் ஆழமாகக் குத்தியிருக்கிறது. சில காசில் பெயரோடு ஊரும் இருக்கும், சிலதில் வெறும் இரண்டு எழுத்து, சிலதில் ஒரு நட்சத்திரமோ எண்ணோ மட்டும். நாணயச்சாலை செய்த வேலை இல்லை இது. காசு புழக்கத்துக்கு வந்து பல கை மாறிய பிறகு, ஒருவர் அதைப் பட்டறைக்கல்லில் வைத்து, எழுத்து செதுக்கிய எஃகு பஞ்ச் ஒன்றை மேலே நிறுத்தி, சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டிருக்கிறார். சேகரிப்பாளர்கள் இதை கவுண்டர்மார்க் என்பார்கள். நாம் முத்திரை என்றே வைத்துக்கொள்வோம்.

இப்படி ஒரு காசு கிடைத்ததும் எல்லோரும் செய்கிற முதல் காரியம், அந்தப் பெயரை இணையத்தில் தட்டித் தேடுவது. ஒன்றுமே வராது, இல்லையென்றால் அதே பெயரில் நூறு பேர் வந்து நிற்பார்கள். ஸ்மித், பிரவுன், டெய்லர் என்றால் கேட்கவே வேண்டாம். என்னைக் கேட்டால் பெயரைக் கடைசியில் தேடுங்கள் என்பேன். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தக் காலத்தில், இந்த ஊரில், எஃகு பஞ்ச் யாரிடம் இருந்திருக்கும்?

பஞ்ச் என்பது சும்மா கிடைக்கிற சாமான் இல்லை. எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றி எஃகில் செதுக்க வேண்டும், அப்புறம் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க வேண்டும். ஒரு மளிகைக்கடைக்காரர் நாலு பென்னியில் பெயர் குத்துவதற்காக இவ்வளவு செலவு செய்வாரா? செய்தவர்கள் இருந்தார்கள், ஆனால் குறைவு. தொழிலுக்காகவே பஞ்ச் வைத்திருந்தவர்கள்தான் அதிகம். துப்பாக்கி செய்பவர், கத்தி செய்பவர், பூட்டு செய்பவர், தராசு செய்பவர், வெள்ளி வேலை செய்பவர், தச்சுக் கருவி செய்பவர் எல்லோரும் தாங்கள் செய்த பொருளில் பெயர் குத்தி விற்றவர்கள். கையருகில் பஞ்ச் கிடக்கிறது, பையில் பென்னி கிடக்கிறது. புது பஞ்ச் சரியாக விழுகிறதா என்று பார்க்கக்கூட ஒரு காசை எடுத்து அடித்திருப்பார்கள்.

இதில் பலர் கவனிக்காத இன்னொரு கூட்டம் உண்டு. இங்கிலாந்துத் தச்சர்கள் தங்கள் இழைப்புளி காணாமல் போகாமல் இருக்க அதன் மரக்கட்டையில் தங்கள் பெயரைக் குத்தி வைப்பார்கள். அதற்கென்று ஆளுக்கொரு பெயர் பஞ்ச் வைத்திருந்தார்கள். அதே பஞ்ச் காசிலும் விழுந்திருக்கலாம். அப்படியானால் அந்தப் பெயருக்குக் கடையும் கிடையாது, விளம்பரமும் கிடையாது, யாரோ ஒரு கூலித் தச்சரின் பெயர் அது. வியாபாரி முத்திரை என்று விற்கப்படுகிற காசுகளில் கணிசமானவை வியாபாரிகளுடையவையே அல்ல என்பது என் கணிப்பு. ஏலத்தில் விலை கூடுவதற்கு 'வியாபாரி' என்ற சொல் உதவுகிறது, அவ்வளவுதான்.

சரி, காசுக்கு வருவோம். முத்திரை குத்தியவர்களுக்கு மிகவும் பிடித்த காசு 1797 என்று தேதியிட்ட பென்னி. பர்மிங்ஹாம் பக்கத்தில் சோஹோவில் மேத்யூ போல்டன் நீராவி இயந்திரத்தில் அடித்துக் கொடுத்தது. சரியாக ஒரு அவுன்ஸ் செம்பு, 36 மில்லிமீட்டர் அகலம், சுற்றிலும் தடித்து எழும்பிய விளிம்பு. அதனால் வண்டிச்சக்கரம் என்றே பெயர் வந்தது. கூடவே வந்த இரண்டு பென்னி காசு இன்னும் மோசம், இரண்டு அவுன்ஸ் எடை, அதைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கவே முடியாது. ஆனால் பஞ்ச் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல தகடு எங்கே கிடைக்கும்? நல்ல தடிமன், அடித்தால் வளையாது, நடுவில் விசாலமான இடம். அதற்குப் பின்னால் வந்த 1806, 1807 பென்னிகளிலும், நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம், விக்டோரியா காலத்துச் செம்புக் காசுகளிலும் முத்திரைகள் உண்டு. 1860இல் செம்பு போய் வெண்கலம் வந்தது. புதுக் காசு மெலிசு, சிறியது, உலோகமும் கடினம். பழைய செம்புக் காசுகள் 1869 முடிவோடு செல்லாமல் போயின.

இந்த இடத்தில் ஒரு விதியை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். காசில் இருக்கும் ஆண்டு, முத்திரை அதற்கு முன்னால் குத்தப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டும்தான் சொல்லும். எப்போது குத்தினார்கள் என்று சொல்லாது. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் பெண் வாக்குரிமை பென்னி இதற்கு நல்ல சாட்சி. ஏழாம் எட்வர்டின் தலை போட்ட 1903ஆம் ஆண்டுக் காசு அது. 'பெண்களுக்கு வாக்கு' என்ற முழக்கத்தை ஆங்கிலத்தில் மன்னரின் முகத்தின் மேலேயே குத்தியிருக்கிறார்கள். 1903ஐப் பார்த்து அந்த ஆண்டில் குத்தியது என்று எழுதினால் தப்பு. போராட்டம் உச்சத்தில் இருந்த 1913, 1914 வாக்கில்தான் குத்தியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பத்து வருட இடைவெளி.

அந்தப் பென்னியில் பார்க்க வேண்டிய இன்னொரு விஷயம், எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்திருப்பது. ஒரு எழுத்துக்கு ஒரு பஞ்ச், ஒரு அடி. பெயர் முழுவதும் ஒரே பஞ்ச்சில் செதுக்கியிருந்தால் எழுத்துகள் நூல் பிடித்தது போல நேராக, சம இடைவெளியில், சம ஆழத்தில் இருக்கும். அடி கொஞ்சம் சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் முழுவதுமே ஆழமாகவும் மறுபக்கம் முழுவதுமே மங்கலாகவும் இருக்கும். தனித்தனி எழுத்து பஞ்ச் என்றால் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும், ஒன்று குடைசாயும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு பூதக்கண்ணாடி போதும், ஆனால் இதிலிருந்து கிடைக்கும் தகவல் பெரியது. ஒரே பஞ்ச்சில் முழுப்பெயர் இருந்தால், அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பக் குத்த வேண்டிய தொழிலில் அவர் இருந்தார். தனி எழுத்து என்றால், எழுத்து பஞ்ச் செட் வைத்திருந்த யார் வேண்டுமானாலும், எதற்காக வேண்டுமானாலும் குத்தியிருக்கலாம்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. சின்னப் பள்ளமாக ஒரு கட்டம், அந்தக் கட்டத்துக்குள் எழுத்து புடைத்து நிற்கும். இது வெள்ளி வேலைக்காரர்களின் வழக்கம். இப்படிப்பட்ட இரண்டெழுத்து முத்திரையைப் பார்த்தால் உடனே கைவிட்டுவிடாதீர்கள், ஏனென்றால் இங்கிலாந்தில் வெள்ளிச் சாமான் செய்தவர்கள் தங்கள் குறியை, வெள்ளியின் தரம் பார்க்கும் சோதனைச் சாலையில் பதிவு செய்தாக வேண்டும். எழுத்து, கட்டத்தின் வடிவம் இரண்டையும் சேர்த்து வைத்து ஆளைத் தேடலாம். கத்தி செய்பவர்களுக்கும் அதேபோல ஒரு பதிவு இருந்தது. ஷெஃபீல்டில் 1624இல் ஏற்பட்ட கத்தி செய்வோர் சங்கம்தான் அங்கே ஆளுக்கொரு குறி ஒதுக்கியது. எழுத்தே இல்லாமல் நட்சத்திரம், சிலுவை, இதயம் என்று மட்டும் இருந்தால் அந்தப் பக்கம் ஒரு கண் வையுங்கள்.

படிக்கும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. 18ஆம் நூற்றாண்டுக் குறிகளில் 'ஜே' என்ற எழுத்துக்குப் பதிலாக 'ஐ' போடும் பழக்கம் இருந்தது. முதலெழுத்து 'ஐ' என்று இருந்தால் ஐசக் என்பவரைத் தேடி அலையாமல் ஜான், ஜேம்ஸ், ஜோசப் என்றும் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஜானாகத்தான் இருக்கும்.

விளம்பரத்துக்காகவே குத்தியவர்களும் இருந்தார்கள் என்றேன் அல்லவா, அவர்களில் பெரிய கை எட்வர்ட் லாயிட். லண்டனில் மலிவு விலைப் பத்திரிகை நடத்தியவர். 1840களில் தன் வாரப் பத்திரிகையின் பெயரையும் விலையையும், மூன்று பென்ஸ், தபால் செலவு இல்லை என்ற அறிவிப்பையும் செம்புக் காசுகளில் இயந்திரம் வைத்து அடித்துப் புழக்கத்தில் விட்டார். நாடு முழுக்கச் சுற்றுகிற விளம்பரம், ஒட்டுவதற்குச் சுவர் வாடகை கிடையாது, கிழித்துப் போடவும் முடியாது. மற்ற பத்திரிகைகளுக்கு வயிற்றெரிச்சல். மன்னர் தலையில் பத்திரிகை விளம்பரமா என்று கூச்சல் எழுந்தது. 1853இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. புழக்கத்தில் இருக்கும் நாணயத்தில் பெயரோ சொல்லோ குத்துவது குற்றம், அப்படிக் குத்திய காசு செல்லுபடியான பணமும் ஆகாது. 1861இல் வந்த நாணயக் குற்றச் சட்டமும் இதை அப்படியே எடுத்துக்கொண்டது. அதன்படி குத்தினால் ஓராண்டு வரை சிறை, குத்திய காசைக் கடையில் நீட்டினால் 40 ஷில்லிங் வரை அபராதம்.

ஆகவே 1853 நமக்கு ஒரு எல்லைக்கல். கடையின் பெயர், ஊர், தெரு எல்லாம் தெளிவாகப் போட்டு விளம்பரம் செய்கிற முத்திரை என்றால் அது பெரும்பாலும் இதற்கு முந்தையதாக இருக்கும், முகவரியோடு யார் போய் மாட்டிக்கொள்வார்கள்? வெறும் முதலெழுத்தோ எண்ணோ இருந்தால் இந்த எல்லை உதவாது. லாயிட் காசில் இன்னொரு சாட்சியும் உண்டு. 1855இல் பத்திரிகை மீதான முத்திரை வரி போனதும் அந்தப் பத்திரிகையின் விலை இறங்கிவிட்டது. காசில் மூன்று பென்ஸ் என்று இருப்பதே காலத்தைக் காட்டிக்கொடுக்கிறது. முத்திரையில் விலை இருந்தால் விடாதீர்கள்.

சட்டம் வந்தால் சந்து கண்டுபிடிக்க ஆள் இல்லாமல் போகுமா? பேர்ஸ் சோப்பு கம்பெனியின் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்ட தாமஸ் பாரட் அந்தச் சந்தில் புகுந்தவர். பிரான்ஸின் 10 சென்டைம் வெண்கலக் காசு அளவிலும் எடையிலும் இங்கிலாந்து பென்னிக்குக் கிட்டத்தட்டச் சமம், கடைகளில் பென்னியாகவே வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் இரண்டரை லட்சம் பிரெஞ்சுக் காசுகளை இறக்கி, அவற்றில் பேர்ஸ் என்று குத்திச் சந்தையில் விட்டார் என்பது விளம்பரத் துறையில் புகழ்பெற்ற கதை. ராணியின் காசு இல்லையே, சட்டம் என்ன செய்யும்? 1887இல் வெளிநாட்டு வெண்கலக் காசுகள் நாட்டுக்குள் வருவதற்கே தடை வந்தது. பேர்ஸ்தான் அதற்குக் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. பிரெஞ்சுக் காசு ஏற்கெனவே மூட்டை மூட்டையாக நுழைந்துகொண்டிருந்ததால் அதை மட்டும் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படியானாலும், மூன்றாம் நெப்போலியன் தலை போட்ட காசில் பேர்ஸ் என்று பார்த்தால் அடையாளம் தேடி அலைய வேண்டியதில்லை.

வெள்ளிக்கு வந்தால் கதை முற்றிலும் வேறு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் வெள்ளிக் காசுக்குப் பெரிய பஞ்சம். இருந்த ஷில்லிங்கெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தன, 1816இல்தான் புது வெள்ளி நாணயத்துக்கு ஏற்பாடு ஆனது. 1797இல் பாங்க் ஆஃப் இங்கிலாந்தே தன் கையில் இருந்த ஸ்பானிஷ் வெள்ளி டாலர்களை எடுத்து, ஸ்பெயின் மன்னரின் கழுத்தில் மூன்றாம் ஜார்ஜின் குட்டித் தலையை முட்டை வடிவத்தில் குத்தி, நாலு ஷில்லிங் ஒன்பது பென்ஸ் என்று வெளியிட்டது. வெள்ளிச் சாமானுக்கு வரி கட்டியதைக் காட்டக் குத்துகிற முத்திரைதான் அந்தத் தலை. கழுதையின் கழுத்தில் முட்டாளின் தலையைக் குத்திவிட்டார்கள் என்று லண்டனில் கேலி பேசினார்கள். கள்ள முத்திரைகள் குவிந்ததால் அதே ஆண்டிலேயே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 1804இல் எண்கோண முத்திரையோடு இன்னொரு முறை முயன்றார்கள்.

பஞ்சாலை முதலாளிகளும் இதையே செய்தார்கள். நூற்றுக்கணக்கான தொழிலாளிகளுக்கு வாரக் கூலி கொடுக்கச் சில்லறை வேண்டுமே. டெர்பிஷரில் ஆர்க்ரைட் குடும்பத்தின் குரோம்ஃபோர்ட் ஆலை, ஸ்காட்லாந்தில் லனார்க் ஆலை போன்றவை ஸ்பானிஷ் டாலரில் தங்கள் பெயரையும் விலையையும் வட்டமாகக் குத்திக் கொடுத்தன. குரோம்ஃபோர்ட் டாலரில் 4/9 என்று இருக்கும், அதாவது நாலு ஷில்லிங் ஒன்பது பென்ஸ். லனார்க்கில் 5/- என்று இருக்கும். இவைதான் வியாபாரி முத்திரை என்ற பெயருக்கு முழுக்கப் பொருந்துபவை, ஏனென்றால் இவை காசின் மதிப்பையே நிர்ணயித்தன, குத்தியவர் அதே விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பொறுப்பை ஏற்றார். விலையும் அதிகம், போலிகளும் அதிகம். முதல் காசாக இதை வாங்கப் போகாதீர்கள்.

வெள்ளியில் சீன எழுத்துகள் குட்டி குட்டியாகப் பல இருந்தால் அது வேறு கணக்கு. கிழக்காசிய வணிகத்துக்காக பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1895 முதல் அடித்த பிரிட்டிஷ் டிரேட் டாலரில் இவை சாதாரணம். வெள்ளி சுத்தம்தானா என்று பார்த்த சீன வணிகர்கள் வைத்த குறிகள் அவை. நம் பக்கத்தில் காசு மாற்றிக் கொடுத்த சராப்புகளும் வெள்ளி ரூபாய்களில் இப்படித்தான் சின்னக் குறி வைத்தார்கள்.

இப்போது காசை மேசையில் வையுங்கள். முதல் வேலை, கழுவாமல் இருப்பது. செம்பு என்றதும் நம் வீட்டில் புளியைத் தேடுவார்கள், அந்தப் பக்கமே போக வேண்டாம். எழுத்தின் பள்ளத்தில் தங்கியிருக்கும் கருப்பும் பச்சைக் களிம்பும்தான் உங்களுக்கு இருக்கும் நல்ல சாட்சி. காசின் மற்ற பரப்பெல்லாம் கருத்திருக்க, எழுத்தின் அடிப்பாகம் மட்டும் புதுச்செம்பு நிறத்தில் பளபளத்தால் அந்த முத்திரை அண்மையில் குத்தியது. எழுத்தின் ஓரங்கள் விரல் பட்டால் சொரசொரவென்று கூர்மையாக இருந்து, மன்னரின் முகம் மட்டும் அடையாளமே தெரியாமல் தேய்ந்திருந்தால், காசு நன்றாகத் தேய்ந்து முடித்த பிறகு குத்தியிருக்கிறார்கள். அது 1850இலும் நடந்திருக்கலாம், போன வருடமும் நடந்திருக்கலாம். முகமும் எழுத்தும் சேர்ந்து ஒரே மாதிரி மழுங்கியிருந்தால், குத்திய பிறகும் காசு நெடுநாள் கை மாறியிருக்கிறது. எனக்கு இந்த மூன்றாவது வகைதான் பிடிக்கும்.

படிக்க முடியவில்லை என்றால் அறை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி விளக்கைக் காசின் விளிம்பு மட்டத்தில் பக்கவாட்டில் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து நிழல் விழுந்ததும் எழுந்து வரும். நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து குறித்து வையுங்கள், இதன் பயன் கடைசியில் தெரியும். காசைத் திருப்பிப் பார்த்து, முத்திரைக்கு நேர் பின்னால் உருவம் நசுங்கித் தட்டையாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஓங்கி அடித்த காசில் அந்த நசுங்கல் பெரும்பாலும் இருக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பெயர். அந்தக் காலத்தில் ஊர் ஊராகத் தொழில் விவரப் புத்தகங்கள் போட்டார்கள், பிகட், கெல்லி, ஒயிட் என்று பல. தெரு, தொழில், பெயர் எல்லாம் வரிசையாக இருக்கும். இங்கிலாந்து, வேல்ஸ் ஊர்களுக்கான பலவற்றை லெஸ்டர் பல்கலைக்கழகமும், ஸ்காட்லாந்து ஊர்களுக்கானவற்றை ஸ்காட்லாந்து தேசிய நூலகமும் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கின்றன. சென்னையில் உட்கார்ந்துகொண்டு 1830ஆம் ஆண்டு லீட்ஸ் நகரத்துப் பூட்டுக்காரர்களைத் தேடலாம். தேடும்போது பெயரை மட்டும் போடாமல், பஞ்ச் வைத்திருக்கக்கூடிய தொழில்களின் தலைப்புக்குக் கீழே பாருங்கள். துப்பாக்கி செய்பவர்கள் பட்டியலில் ஒரு பிரவுன் இருந்தால், துணிக்கடைப் பட்டியலில் இருக்கும் ஆறு பிரவுன்களை விட அவர் மேல்தான் சந்தேகம் அதிகம் விழ வேண்டும். ஒரே ஒரு ஆண்டுப் புத்தகத்தோடு நிற்காமல் முன்னும் பின்னும் பாருங்கள், எந்த ஆண்டில் அந்தக் கடை முதலில் தோன்றுகிறது, எந்த ஆண்டில் மறைகிறது என்று தெரிந்தால் முத்திரையின் காலமும் சேர்ந்து கிடைக்கும்.

பெயரோடு 'அண்டு சன்', 'அண்டு கோ' இருந்தால் இன்னும் நல்லது. கூட்டு முறிந்தாலும் திவாலானாலும் லண்டன் கெஜட் என்ற அரசிதழில் அறிவிப்பு வரும், அதுவும் இணையத்தில் இருக்கிறது. லண்டன் முகவரியில் ஈ.சி., டபிள்யூ.சி. போன்ற தபால் வட்ட எழுத்துகள் இருந்தால் அந்த முத்திரை 1857க்கு முன்னால் இருக்க முடியாது, அந்த வட்டங்கள் பிரிக்கப்பட்டதே அப்போதுதான்.

எண் மட்டும் இருக்கும் காசில் அதிக நேரம் செலவழிக்காதீர்கள். தொழிற்சாலையில் கருவி வாங்கும்போது வைத்துவிட்டுப் போகிற வில்லையாக இருக்கலாம், எடைக்கல்லாக இருக்கலாம், 1797 பென்னி சரியாக ஒரு அவுன்ஸ் என்பது நினைவிருக்கட்டும். முதலெழுத்து மட்டும் தனித்தனி பஞ்ச்சில் இருந்தால் அதுவும் ஏறக்குறைய அப்படித்தான், காதலிக்குக் கொடுத்ததா, பொழுது போகாமல் அடித்ததா என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. விற்பவர் அதற்கு ஒரு பெயரும் கதையும் சொன்னால், ஆதாரம் எங்கே என்று கேளுங்கள்.

முழுப்பெயர் இருந்தால் இன்னும் ஒரு சோதனை பாக்கி. அதே முத்திரை வேறு காசுகளில் இருக்கிறதா என்று பழைய ஏலப் படங்களில் தேடுங்கள். எழுத்தின் உயரத்தை அளக்கச் சொன்னது இதற்குத்தான். ஒரு எழுத்தின் கால் உடைந்திருப்பது, இரண்டு எழுத்துக்கு நடுவில் புள்ளி விழுந்திருப்பது போன்ற பழுதுகள் இரண்டு காசிலும் ஒத்துப்போனால் ஒரே பஞ்ச்தான். ஒரே பெயர் வெவ்வேறு ஆண்டுக் காசுகளில் பலமுறை தென்பட்டால் அந்த மனிதர் வேண்டுமென்றேதான் குத்தி அனுப்பியிருக்கிறார், விளம்பரம் என்று சொல்ல அப்போது தைரியம் வரும். ஒன்றே ஒன்றுதான் உலகத்தில் இருக்கிறது என்றால், பட்டறையில் பஞ்ச்சைச் சோதித்துப் பார்த்த ஒரு மத்தியானமாகவும் இருக்கலாம்.

கண்டுபிடித்ததைக் காசு உறையில் எழுதும்போது, பார்த்ததை ஒரு வரியிலும் ஊகித்ததை இன்னொரு வரியிலும் பிரித்து எழுதுங்கள். '1797 பென்னி, முகப்பில் ஒரே பஞ்ச்சில் பெயர், எழுத்து உயரம் 3 மி.மீ., முத்திரையும் காசும் சமமாகத் தேய்ந்தவை' என்பது முதல் வரி. அந்தப் பெயரில் இந்த ஊரில் ஒரு துப்பாக்கிக்காரர் இருந்தார் என்பது இரண்டாவது வரி, கூடவே எந்த ஆண்டுப் புத்தகத்தில் பார்த்தீர்கள் என்பதும், பென்சிலில்.